செங்கல் இறக்கிய பிறகு கேட்க வேண்டிய கேள்வியா இது?

மொட்டை மாடியில் ஒரு ரூமும் பாத்ரூமும் எடுத்து வாடகைக்கு விடலாம் என்று முடிவு பண்ணி, மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்து, வாசலில் செங்கலும் எம்சாண்டும் இறக்கிய பிறகுதான் பல பேருக்கு "இதுக்கு அப்ரூவல் வாங்கணுமா?" என்ற சந்தேகம் வருகிறது. வாங்கணும். அந்தச் சந்தேகம் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்.

மேஸ்திரியிடம் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், இந்தத் தெருவுல யாரு வாங்கியிருக்கா?" என்பார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு வேலை நடக்கணும். ஆனால் நோட்டீஸ் வரும்போது அதில் அவர் பெயர் இருக்காது, வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கும். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 56, 57 பிரிவுகளில் வேலையை நிறுத்தச் சொல்லவும், சீல் வைக்கவும், இடிக்கவும் அதிகாரம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு, அதுவும் தப்பு. வெள்ளையடிப்பது, பெயின்ட், பூச்சு வேலை, தரை டைல்ஸ் மாற்றுவது, ஃபால்ஸ் சீலிங் போடுவது மாதிரியான வேலைகளுக்குப் பொதுவாக யாரிடமும் போய் நிற்க வேண்டாம். கட்டடத்தின் பரப்பு கூடுகிறதா, உயரம் கூடுகிறதா, செட்பேக்காக, அதாவது வீட்டைச் சுற்றிக் காலியாக விட்ட இடத்தில் ஏதாவது எழும்புகிறதா, குடியிருக்கிற வீடு கடையாகவோ கோடவுனாகவோ மாறுகிறதா, இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அனுமதி வேண்டும். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது தமிழ்நாடு முழுவதற்கும், அது இணையத்திலேயே கிடைக்கிறது. படிக்கப் பொறுமை இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள ஒரு இன்ஜினியரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். ஒரு லோடு ஜல்லியை விட அது பெரிய செலவாகிவிடாது.

அனுமதி தேவையில்லை என்பதால் ஆபத்து இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2022 பிப்ரவரியில் குருகிராமில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆறாவது மாடி வீட்டில் தரை வேலை நடந்துகொண்டிருந்தபோது தளம் இடிந்து கீழ்த்தளங்கள் வரை சரிந்தது, இரண்டு பெண்கள் இறந்தார்கள். கட்டுமானமே மோசம் என்று பிறகு தெரிந்தது. உங்கள் கட்டடம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று டிரில் போடுகிற ஆளுக்கு எப்படித் தெரியும்?

உடனே ஒருவர் கேட்பார், "அப்ரூவல் வாங்கின மௌலிவாக்கம் கட்டடமே இடிஞ்சுதே?" நியாயமான கேள்வி. 2014 ஜூன் 28 அன்று விழுந்த அந்த 11 மாடிக் கட்டடத்துக்கு சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி இருந்தது, 61 பேர் செத்துப்போனார்கள். அனுமதிக் காகிதம் தூணைத் தாங்காது, சரி. அப்படியானால் அப்ரூவலோடு சேர்த்து, கட்டடத்தின் பலத்தைப் பார்த்துச் சொல்கிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் வேண்டும் என்றுதானே அர்த்தம்? முப்பது வருஷத்துக்கு முன்னால் தரைத்தளத்துக்கு மட்டும் போட்ட அஸ்திவாரத்தின் மேல் மாடி ஏற்றுகிறவர்களுக்கு இதை இன்னும் சத்தமாகச் சொல்லணும்.

"வீட்டு வரி கட்டுறோம், ஈபி கனெக்‌ஷன் இருக்கு, அப்புறம் என்ன?" இந்த நம்பிக்கைதான் இருப்பதிலேயே மோசமானது. வரி போடுவது வரி வசூலிக்கத்தான், அந்த ரசீது கட்டடத்தை முறையானதாக ஆக்காது. விஷயம் வெளியே வருவது வீட்டை விற்கும்போது. வாங்குகிறவர் லோன் போடுவார், வங்கியின் வக்கீலும் வேல்யூவரும் பிளானைக் கேட்பார்கள், பிளானில் தரைத்தளம் மட்டும் இருக்கும், நேரில் மாடியும் நிற்கும். அங்கிருந்து விலை இறங்க ஆரம்பிக்கும். 2024 டிசம்பரில் மீரட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, நிறையப் பணம் போட்டாகிவிட்டது என்பதெல்லாம் அனுமதியில்லாத கட்டடத்தை முறையானதாக்காது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. வங்கிகள் கட்டடம் கட்டி முடித்ததற்கான சான்றிதழைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கணும் என்றும் சொன்னது.

அரசாங்கத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 1999 பிப்ரவரி 28-க்கு முன்னால் கட்டியதா, பணம் கட்டு, வரன்முறை செய்கிறோம் என்றார்கள். பிறகு இன்னொரு பிரிவைச் சேர்த்து 2007 ஜூலை 1 வரை என்றார்கள். மனைகளுக்கு 2016 அக்டோபர் 20 என்று ஒரு தேதி. விதிப்படி செட்பேக் விட்டு, ஃபீஸ் கட்டி, நடையாய் நடந்து கட்டியவன் இளிச்சவாயன் என்றுதானே ஊர் புரிந்துகொள்ளும்? "கட்டிடு, அடுத்த ஸ்கீம் வரும்" என்று மேஸ்திரிகூட தைரியமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மறுபக்கம், ஆபீஸில் அலையவிடுவார்கள், 'கவனிக்க'ச் சொல்வார்கள் என்ற பயம் பொய்யில்லை. அதற்காகத்தான் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஆன்லைனில் உடனடி அனுமதி. என் பார்வையில் உருப்படியான காரியம். ஆனால் அதில் கையெழுத்துப் போடுவது நீங்கள், கொடுத்த விவரம் பொய் என்றால் மாட்டுவதும் நீங்கள்தான். பழைய வீட்டின் மேல் மாடி எடுப்பது உங்களுக்கு இதில் வருமா வராதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டே இறங்குங்கள். போகும்போது பத்திரம், பட்டா, பழைய அப்ரூவ்டு பிளான் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். சென்னைப் பக்கம் போர் போடுவதாக இருந்தால் அதற்கும் 1987 நிலத்தடி நீர்ச் சட்டப்படி தனி அனுமதி உண்டு, பலருக்கு இது தெரிவதே இல்லை.

அப்புறம், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரும்பாலான புகார் அங்கிருந்துதான் கிளம்புகிறது, அதுவும் அவர்கள் ஜன்னல் பக்கம் உங்கள் சன்ஷேடு நீட்டிக்கொண்டு நின்றால் கேட்கவே வேண்டாம்.