யூலியு போதோலாவின் கோல்களை இரண்டாகப் பிரித்து எழுதுவது சரியா?

ருமேனியக் கால்பந்து அணிக்காக அதிகக் கோல் அடித்தவர்கள் என்றதும் ஹாஜியும் முட்டுவும் நினைவுக்கு வருவார்கள். இருவரும் தலா 35 கோல் அடித்தவர்கள். ஆனால் 1931 முதல் 1939 வரை 48 ஆட்டங்களில் 30 கோல் அடித்து, அந்தச் சாதனையை 1990களின் பிற்பகுதிவரை யாருக்கும் விட்டுக்கொடுக்காத யூலியு போதோலாவைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஹாஜி தம்முடைய 35 கோல்களுக்கு 120க்கும் மேற்பட்ட ஆட்டங்களை எடுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் போதோலாவின் உயரம் புரியும்.

1912இல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்கு உட்பட்டிருந்த பிராசோவ் நகரில், ஹங்கேரிய மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். முதல் உலகப் போருக்குப் பின் பிராசோவ் அடங்கிய டிரான்சில்வேனியா பகுதி ருமேனியாவுடன் சேர்ந்தது; ஜூலா என்ற ஹங்கேரியப் பெயருடன் பிறந்தவர் ருமேனிய அணியில் யூலியு ஆனார். ஒராதேயா நகரின் சிஏஓ கழகத்தில் 1929இல் சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஆடினார். முன்வரிசையின் இடப்பக்க உள்தாக்குநராக, இடது ஓரத்தில் ஓடிய ஸ்தெஃபான் தோபாயுடன் இணைந்து 1934, 1938 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் களமிறங்கினார். அந்தத் தொடர்கள் ருமேனியாவுக்குப் பெருமை சேர்க்கவில்லை. 1938இல் கியூபாவிடம், அதுவும் மறு ஆட்டத்தில், தோற்று வெளியேறியதை இன்றும் அந்நாட்டு ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் 1933 பால்கன் கோப்பையை நினைத்துப் பாருங்கள்: பல்கேரியாவை 7-0, கிரீஸை 1-0, யுகோஸ்லாவியாவை 5-0 என வீழ்த்தி, ஒரு கோல்கூட வாங்காமல் வென்ற அணி அது.

1940 ஆகஸ்டில் ஜெர்மனியும் இத்தாலியும் வழங்கிய இரண்டாம் வியன்னா தீர்ப்பு வடக்கு டிரான்சில்வேனியாவை ஹங்கேரிக்குக் கொடுத்தது, ஒராதேயா கைமாறியது. போதோலா ஹங்கேரிக்காக ஆடத் தொடங்கினார். 1948வரை 13 ஆட்டங்கள், 4 கோல்கள். இதை எழுதுபவர்கள் பலரும் 'அவர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது' என்று முடித்துவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை அப்படி இல்லை. அப்போது அவர் ஒராதேயாவில் இல்லை. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டின் வீனஸ் கழகத்தில் அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்களை வென்றுகொண்டிருந்தார். பிறந்த ஊரான பிராசோவும் ருமேனியாவிலேயே இருந்தது. ஒராதேயாவிலிருந்த பழைய கழகத்துக்குத் திரும்பிப் போனது அவரே எடுத்த முடிவு. பிறகு 1946இல் எம்டிகே கழகத்துக்காக புடாபெஸ்ட் சென்றதும் அப்படியே.

முடிவெடுத்தவர் என்பதால் அவரைக் கட்சி மாறியவர் என்று தூற்ற வேண்டியதில்லை. அவருடைய தாய்மொழியும் அவர் வளர்ந்த கழகமும் அந்தப் பக்கம் இருந்தன. அந்தக் கழகம் 1943-44இல் ஹங்கேரிய லீக்கை வென்றபோது, புடாபெஸ்டுக்கு வெளியிலிருந்து பட்டம் வென்ற முதல் அணியானது. அந்த அணியில் போதோலாவும் இருந்தார். அதே கழகம் போருக்குப் பின் 1948-49இல் ருமேனிய லீக்கையும் வென்றது. கழகத்தின் இரண்டு பட்டங்களையும் ஒரே வரலாறாகக் கொண்டாடுகிறவர்கள், வீரரின் கோல்களை மட்டும் இரு நாட்டுக் கணக்குகளில் பங்குபோட்டு, ஒவ்வொருவரும் மறுபாதியை அடிக்குறிப்பாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தேசிய அணிகளின் சாதனைப் பட்டியல் அதன் போக்கில் இருக்கட்டும். ஆட்டக்காரர் போதோலாவைப் பற்றி எழுதும்போதாவது 61 ஆட்டங்கள், 34 கோல்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்.