மேசைக்குப் பக்கத்தில் அல்ல, அடியில்

"நிலநடுக்கம் வந்தால் வகுப்பறை மேசைக்கு அடியில் போகாதீர்கள், பக்கத்தில் சுருண்டு படுங்கள், இடிந்த கூரை மேசைமேல் சாயும்போது பக்கத்தில் உண்டாகும் இடைவெளியான 'உயிர் முக்கோணம்' காப்பாற்றும்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் பழைய மின்னஞ்சல் சரக்கு இது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமும் இதை ஏற்கவில்லை.

கட்டடம் அப்படியே தட்டையாக நொறுங்கிவிடும் என்ற அனுமானத்தின் மேல்தான் இந்த யோசனையே நிற்கிறது. முறையாகக் கட்டிய கட்டடங்களில் அது அரிது. அங்கே ஆளைக் காயப்படுத்துபவை பெரும்பாலும் மேலிருந்து விழும் விளக்கு, கூரைத்தகடு, கண்ணாடி, புத்தக அலமாரி போன்றவைதான். பலத்த அதிர்வில் மேசையே இடம்பெயரும். இடைவெளி எந்தப் பக்கம் உருவாகும் என்று முன்கூட்டியே யாரால் சொல்ல முடியும்?

ஆகவே உடனே மண்டியிட்டு மேசைக்கடியில் நுழையுங்கள். ஒரு கையால் தலையையும் கழுத்தையும் மறைத்து, மறு கையால் மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை நகர்ந்தால் கூடவே நகருங்கள். விரிவுரை அரங்கில் இருக்கை வரிசைகளுக்கிடையே குனிந்துகொள்ளலாம். விடுதியில் படுத்திருந்தால் எழுந்து ஓட வேண்டாம். குப்புறத் திரும்பித் தலையணையால் தலையை மூடுங்கள். ஆய்வகத்தில் அமிலப் புட்டிகள் அடுக்கிய அலமாரியிலிருந்து விலகுவது முதல் வேலை. அதிர்வு நின்ற பிறகு வெளியேறுங்கள், மின்தூக்கியில் அல்ல, படிக்கட்டு வழியாக.