அப்கிரேட் பண்ணச் சொன்னா மொகத்தையா மாத்திக் குடுப்பிய?

லினக்ஸை அடுத்த பதிப்புக்கு ஏத்தித் தாங்கன்னு சர்வீஸுக்குக் குடுத்தா, வேற யார் வீட்டு கம்ப்யூட்டரோன்னு தோணுற மாதிரி திரும்பி வருது. கீழ இருந்த பேனல் மேல போயிட்டு. மெனுவைக் காணல. ஜன்னலைச் சுருக்குற பொத்தானையும் காணல. கேட்டா, "இதாக்கும் புதுசு, பழகிக்கிடுங்க." வெப்ராளமா வருது கேட்டியளா.

மார்த்தாண்டத்துலயோ தக்கலையிலயோ ஒரு டிடிபி கடையை நெனச்சுப் பாருங்க. ஒருத்தருக்குப் பத்திர நகல், ஒருத்தருக்குக் கல்யாண லெட்டர், இன்னொருத்தர் பென்டிரைவை நீட்டிட்டு நிக்காரு. உக்காந்திருக்க அக்கா ஐகானைத் தேடிப் பாத்தா வேலை செய்யுதாங்க? கை தானா இடது மூலைக்குப் போவும், ஃபைல் பாக்குற துனார் தொறக்கும், ஃபைல் பிரிண்டுக்குப் போயிரும். எக்ஸ்எஃப்சிஇ-ங்குற லினக்ஸ் டெஸ்க்டாப்புல பல வருசமாப் பழகுன கை அது. அந்தக் கைப்பழக்கத்துலதான் கடை ஓடுது. அதை ஒரே ராத்திரியில பறிச்சுப் போட்டுட்டு "பழகிக்கிடுங்க"ன்னு சொல்ல எப்படி மனசு வருது?

இது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்ச கூத்தும் இல்ல. 2011 ஏப்ரல்ல கினோம்ங்குற இன்னொரு டெஸ்க்டாப்போட 3-ஆம் பதிப்பு வந்து, மேலயும் கீழயும் இருந்த பழைய பேனலைத் தூக்குச்சு. அதே மாசம் உபுண்டுங்குற லினக்ஸ் வகை, 11.04 பதிப்புல யூனிட்டிங்குற தன் சொந்த டெஸ்க்டாப்பை முன்னால நிறுத்துச்சு. யூனிட்டிக்குக் கை பழகினவங்களை உபுண்டு 17.10-ல மறுபடி கினோம் ஷெல்லுக்குத் தள்ளினாங்க. எக்ஸ்டென்ஷன்ங்குற ஒட்டு நிரலைப் போட்டுப் பழைய மாதிரி ஆக்கிக்கிடலாம்னா, 2023 செப்டம்பர்ல வந்த கினோம் 45 எக்ஸ்டென்ஷன் எழுதுற முறையையே மாத்திட்டு. பழைய எக்ஸ்டென்ஷன் ஒண்ணுகூட திருத்தாம ஓடாது. கினோம் 2-வை விட மனசில்லாத ஆளுங்க அதோட நிரலை எடுத்து மேட்டேன்னு ஒரு டெஸ்க்டாப்பைத் தனியா வளர்த்தாங்களே, அவங்களுக்குப் புரிஞ்சது சர்வீஸ் பண்ணுறவங்களுக்குப் புரியலன்னா என்ன சொல்ல!

நடக்குறது என்னன்னா, அப்கிரேடே பண்ணுறது இல்ல. டிஸ்கை ஃபார்மட் பண்ணி, டெபியன்ங்குற லினக்ஸ் வகையோட இன்ஸ்டாலர்ல எதையும் பாக்காம என்டரைத் தட்டிட்டே போறாங்க. அப்படித் தட்டுனா கினோம்தான் வரும். டெபியன் 12-ல எக்ஸ்எஃப்சிஇ 4.18 இருக்கு, 13-ல 4.20. முறையா ஏத்துனா பேனல் இருந்த எடத்துலயே இருக்கும்.

மொதல்ல ஹோம் ஃபோல்டர்ல மறைஞ்சு கெடக்க டாட் கான்ஃபிக் (.config) உள்ள இருக்க எக்ஸ்எஃப்சிஇ4 ஃபோல்டரை முழுசா வெளிய ஒரு டிரைவுல நகல் எடுங்க. பேனல், ஷார்ட்கட், ஜன்னல் பொத்தான் எல்லாம் அதுக்குள்ளதான் எக்ஸ்எம்எல் ஃபைலாக் கெடக்கு. திருப்பிப் போடும்போது லாகவுட் பண்ணி, கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி, கருப்புத் திரையில இருந்து போடணும். டெஸ்க்டாப் ஓடுறப்பப் போட்டா, செட்டிங்கைப் பாத்துக்கிடுற எக்ஸ்எஃப்கான்ஃப்டி மெமரியில வச்சிருக்கதை மேல எழுதிரும், பட்ட பாடு வீணாப் போவும். மேட்டேன்னா, செட்டிங்கை ஒரே ஃபைலா எடுக்குற டீகான்ஃப் டம்ப் கட்டளை ஒண்ணு போதும்.

பொறவு, பேக்கேஜ் எங்க இருந்து வரணும்னு சொல்லுற சோர்ஸ் லிஸ்டுல புக்வோர்ம் (டெபியன் 12-ஓட பேரு) இருக்க எடத்துல எல்லாம் டிரிக்ஸின்னு (13-ஓட பேரு) மாத்தணும். நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் அதுல இருக்கான்னு பாருங்க. அது இல்லன்னா வைஃபைக்கான ஃபர்ம்வேர் புதுசாகாது. அடுத்து, பேக்கேஜ் ஏத்துற ஆப்ட் கட்டளையில அப்டேட். அதுக்கப்புறம் புதுப் பேக்கேஜ் சேர்க்காத வெறும் அப்கிரேட். அதெல்லாம் முடிஞ்சாத்தான் ஃபுல்-அப்கிரேட். அதுக்கும் முன்னாடி, எதையும் மாத்தாம ஒத்திகை பாக்குற சிமுலேட் போட்டு, எதை அழிக்கப் போவுதுன்னு சொல்லுற 'ரெம்வ்'னு (Remv) தொடங்குற வரிகளை ஒண்ணொண்ணா வாசிங்க. இதைத்தான் யாரும் செய்யுறது இல்ல! எக்ஸ்எஃப்சிஇ4-ங்குற தாய்ப் பேக்கேஜ் அந்த வரிசையில போச்சுன்னா, அதை நம்பி உள்ள வந்த பேனலும் செஷனும் அனாதையாயிரும். அடுத்து, அனாதைப் பேக்கேஜை அழிக்குற ஆட்டோரிமூவ் அடிச்ச உடனே டெஸ்க்டாப்பையே தூத்துப் பெருக்கிட்டுப் போயிரும். பேனல், செஷன், ஜன்னலை நடத்துற எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4, துனார், லாகின் திரையான லைட்டிடிஎம் எல்லாத்தையும் ஆப்ட்-மார்க்ல மேனுவல்னு குறிச்சு வச்சா தப்பிச்சுக்கும்.

நடுவுல செட்டிங் ஃபைலை மாத்தட்டான்னு கேக்கும். 'ஒய்' (Y) தட்டாதீங்க, 'என்' (N) தான் இயல்பான பதில், உங்க பழைய ஃபைல் அப்படியே நிக்கும். எந்த லாகின் திரை வேணும்னு கேட்டா லைட்டிடிஎம்.

இன்னொண்ணு கரண்ட். தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமழையும் கொட்டுற கன்னியாகுமரி மாவட்டம் இது. ஐப்பசியில சாயங்காலம் இடி இடிச்சா குலசேகரம் பக்கம் கரண்ட் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? இன்வெர்ட்டர் இல்லாத எடத்துல, வானம் கறுத்த நேரத்துல ஃபுல்-அப்கிரேட் தொடங்குறது பெரிய தப்பு. பாதியில நின்னாலும் உடனே ஃபார்மட்டுக்கு ஓடாதீங்க. டிபிகேஜி கான்ஃபிகர்-ஏ (dpkg --configure -a) அடிங்க, பொறவு ஆப்ட் ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால் (apt --fix-broken install). அனேகமா எழும்பிரும்.

ஃபார்மட் உண்மையிலேயே வேண்டிய எடமும் உண்டு. 32 பிட் சிஸ்டத்தை 13-க்கு ஏத்த முடியாது, அதுக்கு கெர்னலே வரல. பிராசஸர் 64 பிட்டுன்னா 64 பிட் பதிப்பைப் புதுசாப் போடணும், ஹோமைக் காப்பாத்தி வச்சு, எக்ஸ்எஃப்சிஇ-யை டிக் பண்ணி. பழைய பிராசஸர்னா 12-லயே விடுங்க. 2028 ஜூன் வரை எல்டிஎஸ்ங்குற நீண்டகாலப் பாதுகாப்பு அப்டேட் இருக்கு, ஒரு அவசரமும் இல்ல. 11-ல இருந்து நேரா 13-க்குச் சாடவும் கூடாது, 12-ல ஏறித்தான் போவணும்.

தமிழ் 99 கீபோர்டை மறந்துட்டு மெஷினைத் திருப்பிக் குடுக்கிறாங்களே, அதுதான் எல்லாத்தையும் விட எரிச்சல். கீபோர்ட் பட்டியல்ல தமிழ்நெட் 99-ன்னு ஒண்ணைச் சேர்த்துட்டு வேலை முடிஞ்சுன்னு போயிருதாங்க. அது வெறும் எக்ஸ்கேபி லேயவுட், ஒரு விசைக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான். 'க'-வை ரெண்டு தடவை தட்டுனா தானாப் புள்ளி வைக்க அதுக்குத் தெரியாது. தமிழ் 99 விதி தெரிஞ்ச ஐபஸ்-எம்17என் பேக்கேஜைப் போட்டு, ஐஎம்-கான்ஃபிக்ல ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, ஒருக்கா லாகவுட் ஆகி வரணும். கடைக்குத் திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு எடிட்டரைத் தொறந்து ஏ, ஹெச், ஹெச், க்யூன்னு நாலு விசை தட்டுங்க. 'அக்கா'ன்னு வந்தாக் குடுங்க. ரெண்டு 'க'-வும் புள்ளி இல்லாம நின்னா, வேலை இன்னும் முடியல.