வீட்டுக்குள்ள ஷூ போட்டுக்கிட்டு நடக்குற சிங்கப்பூர்த் தமிழர் யாருப்பா?

யாராவது பதில் சொல்லுங்க. சிங்கப்பூர்ல எந்தத் தமிழ் வீட்டுல ஒரு மனுசன் வேலை முடிஞ்சு வந்து, ஷூவைக் கழட்டாம நேரா ஹாலுக்குள்ள நடந்து, சோபாவுல உக்காந்து, அப்புறம் அதே ஷூவோட பெட்ரூமுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட சண்டை போடுறான்? நம்ம ஊர்ல எடுத்த நாடகம் ஒண்ணுல நேத்து ராத்திரி இதைப் பாத்தேன். அவன் என்ன பேசுனான், அவ எதுக்கு அழுதா, ஒண்ணுமே மனசுல ஏறல, அந்த ஷூ மட்டும்தான் கண்ணுல நின்னுச்சு. மியூசிக் வேற உருகி உருகி ஓடுது, பக்கத்துல எங்க மாமியார் "முதல்ல அதைக் கழட்டச் சொல்லு, வீட்டைக் கூட்டித் தொடைக்கிறது யாரு"ன்னு டிவியைப் பாத்துத் திட்டிக்கிட்டே இருக்காங்க. அவங்க சொல்றதுதான் சரி. எந்த அடுக்குமாடி புளோக்ல வேணா எந்த மாடிக்கு வேணா ஏறிப் பாருங்க, சீனர் வீடோ மலாய்க்காரர் வீடோ நம்ம வீடோ, கேட்டுக்கு வெளிய செருப்பு ரேக்கு இருக்கும், ரேக்கு இல்லன்னா தரையில பத்து ஜோடி கெடக்கும். இது இந்த ஊர்ல பொறந்த கொழந்தைக்குத் தெரியும். கேமராவுக்குப் பின்னாடி நின்ன அத்தனை பேர்ல ஒருத்தருக்குக் கூடவா உறுத்தல?

இதைச் சொன்ன உடனே ஒரு பதில் வரும் பாருங்க, "அட நாடகம்தானே லா, பாத்தோமா போனோமான்னு இரு, எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி". இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரியுது. நான் கேக்குறது என்னன்னு கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. கதையில இரட்டைப் பிறவி வரட்டும், செத்துப்போனவன் திடீர்னு திரும்பி வரட்டும், சின்ன வயசுல பிரிஞ்ச அம்மாவும் மகளும் எம்ஆர்டி ரயில்ல எதிர் எதிர் சீட்டுல உக்காரட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நடக்காததை நடந்த மாதிரி சொல்லத்தான் கதை. ஆனா அது நடக்குற வீடு நெஜ வீடா இருக்கணும், அதுல இருக்குறவங்க நெஜமா பேசணும், பக்கத்து வீட்டுல நெஜமான ஆள் குடியிருக்கணும். அப்பதான் அந்தப் பொய்யை நான் நம்புவேன்.

ஆபீஸ்ல ஒரு கூட்டம் இருக்கு, "கொரியன் டிராமா பாருக்கா, அதெல்லாம் எவ்ளோ ரியலிஸ்டிக்"ன்னு எனக்குப் பாடம் எடுப்பாங்க. மன்னிக்கணும், அதையும் நான் ஒத்துக்க மாட்டேன். வேலை இல்லாத பொண்ணு ஒவ்வொரு சீனுக்கும் ஒரு புது கோட்டு போட்டுக்கிட்டு வர்றா, மொட்டை மாடி ரூம்ல ஏழையா வாழுறேன்னு சொல்ற பையனோட ரூம் நம்ம மூணு ரூம் வீட்டு ஹாலைவிடப் பெருசா இருக்கு, எவனைப் பாத்தாலும் பெரிய கம்பெனி முதலாளி மகன். நிகழ்ச்சிக்குள்ளயே பொருளைக் காட்டி விளம்பரம் பண்றதுக்கு 2010லேந்து அங்க சட்டமே இடம் குடுக்குது, அதனால காதலர்கள் பிரியுற சீன்ல கூட நடுவுல ஒரு சாண்ட்விச் கடை பேரு பளபளன்னு தெரியும். இதெல்லாம் ரியலிஸ்டிக்கா?

ஆனா ஒண்ணு, அவங்க எங்க கவனமா இருக்காங்கன்னு பாருங்க. 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' 2019 கடைசில வந்துச்சு. கதை என்ன? தென் கொரியப் பணக்காரப் பொண்ணு பாராகிளைடர்ல பறக்குறப்ப சூறாவளிக் காத்து தூக்கிட்டுப் போயி வட கொரியாவுல போடுது, அங்க ஒரு ராணுவ அதிகாரியோட காதல். இதைவிட நம்ப முடியாத கதை இருக்கா? ஆனா அந்த கிராமத்தைப் பாருங்க. கரண்ட் போயிப் போயி வருது, ரயில் நடுவழியில நின்னுடுது, பொம்பளைங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து கிம்ச்சி போடுறாங்க. வட கொரியாவுலேந்து தப்பிச்சு வந்த ஒருத்தரையே எழுதுற குழுவுல வச்சிருந்தாங்க, அந்த மாதிரி தப்பிச்சு வந்த மத்தவங்களும் பாத்துட்டு, ஆமா நிறைய விஷயம் எங்க ஊர் மாதிரியே இருக்குன்னு சொன்னாங்க. போய்ப் பாக்கவே முடியாத நாட்டை அவ்ளோ விசாரிச்சு எடுத்திருக்காங்க, இங்க நம்ம ஆளுங்க தான் குடியிருக்குற தோ பாயோவையும் ஈசூனையும் விசாரிக்க மாட்டேங்குறாங்க!

'ரிப்ளை 1988'னு இன்னொரு கொரியன் டிராமா, பாத்தவங்களுக்குத் தெரியும். அந்த அப்பா பேங்க்ல வேலை பாக்குறவரு, ஆனா கூட்டாளிக்கு ஜாமீன் கையெழுத்து போட்டு மாட்டிக்கிட்டதால குடும்பமே பாதி தரைக்கு அடியில இருக்குற வீட்டுல வாடகைக்குக் கெடக்குது. ஜாமீன் கையெழுத்து! இதுனால நாசமான குடும்பம் நம்ம சொந்தத்துல இல்லாத வீடு உண்டா? சாயங்காலமானா ஒவ்வொரு வீட்டு அம்மாவும் புள்ளைங்க கையில கிண்ணத்தைக் குடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புறாங்க, அந்தத் தெருவே குறுக்கும் நெடுக்கும் ஓடுது. சியோலுக்குப் போகாத எனக்கு அந்தச் சந்து தெரிஞ்ச சந்து மாதிரி இருந்துச்சு. நான் பொறந்து வளர்ந்த ஊரை நம்ம நாடகத்துல பாத்தா அது எந்த ஊர்னே தெரியல, இந்தக் கொடுமையை யார்கிட்ட சொல்ல.

தமிழ்நாட்டு சீரியல் மேல எனக்கு இவ்ளோ கோவம் இல்ல. தூங்குறப்பவும் பட்டுப்புடவை, நெத்தி நிறைய பொட்டு, கன்னத்துல ஒரு அறை விழுந்தா மூணு தடவை இடி இடிக்குதுன்னா அது அவங்க பழகிட்ட பாணி, மாமியாரும் அது தெரிஞ்சேதான் பாக்குறாங்க. ஆனா மாமியார் இன்னிக்கும் பேசுறது எதைப் பத்தி? 'மெட்டி ஒலி'. 2002லேந்து 2005 வரைக்கும் ஓடுனது. அஞ்சு பொண்ணுங்களைப் பெத்த ஒரு அப்பா, அந்தப் பொண்ணுங்களோட கல்யாணம், சம்பந்தி வீட்டுச் சண்டை, அவ்ளோதான். அந்த அப்பாவைப் பத்திப் பேசுறப்ப மாமியார் ஏதோ கூடப் பொறந்தவரைப் பத்திப் பேசுற மாதிரி பேசுவாங்க. உண்மையா எடுத்தா போர் அடிக்கும், ஜனங்க பாக்க மாட்டாங்கன்னு சொல்றவங்க இதுக்கு என்ன சொல்வாங்க?

சரி நம்ம ஊருக்கு வர்றேன். எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் குடுக்குறது என்னன்னா நாடகத்துல வர்ற சிங்கப்பூர்ல தமிழரைத் தவிர யாருமே இல்ல. கம்பெனி முதலாளி தமிழர், மேனேஜர் தமிழர், ரிசப்ஷன்ல தமிழ்ப்பொண்ணு, ஆஸ்பத்திரில டாக்டரும் தமிழ், நர்ஸும் தமிழ், போலீஸ், வக்கீல், பக்கத்து வீடு, எதிர் வீடு, கோப்பிக்கடையில டீ கலக்குறவர் வரைக்கும் தமிழ். இந்த ஊர்ல குடியிருக்குற மக்கள்ல இந்தியர் நூத்துக்கு 9 பேர்தான், அதுலயும் எல்லாரும் தமிழர் இல்ல. 1989லேந்து வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) வீட்டுல எந்த இனத்துக்காரங்க எத்தனை பேர் இருக்கலாம்னு ஒவ்வொரு புளோக்குக்கும் ஒரு வரம்பு இருக்கு, வீட்டை விக்கப் போன நம்ம ஆளுங்க எத்தனை பேர் அந்த வரம்பால திண்டாடிருக்காங்க, அதை வச்சே ஒரு நாடகம் எடுக்கலாமே! வீடு பிடிச்சிருக்கு, விலை பேசியாச்சு, வாங்க வந்தவங்க இனத்துக்கு அந்த புளோக்ல இடம் இல்லன்னு கை விட்டுப்போகுது. இதைவிட என்ன திருப்பம் வேணும்? ஆனா நம்ம நாடகத்துல சொத்துன்னாலே பத்திரத்தைத் திருடணும், பாட்டியை மாடிப்படியில தள்ளி விடணும். லிஃப்ட் இருக்குற புளோக்ல.

நம்ம வாழ்க்கையில தமிழ் எங்கெங்க இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. மீட்டிங்ல இங்கிலீஷ் பேசிட்டு பேன்ட்ரியில ரெண்டு தமிழர் சந்திச்சா சட்டுன்னு குரலைத் தாழ்த்தி ஒரு தமிழ் பேசுவோமே, "பாத்தியாடா அவன் பண்ணதை"ன்னு, அந்தத் தமிழ் எந்த நாடகத்துலயாவது வந்திருக்கா? வீட்டுல பாட்டி தமிழ்ல கேக்கும், பேரன் இங்கிலீஷ்ல பதில் சொல்வான், நடுவுல அம்மா ரெண்டுத்தையும் கலந்து மொழிபெயர்த்துக்கிட்டு நிப்பா, ரெண்டு பேருக்கும் கோவம் வந்தா மட்டும் ஆளுக்கு ஆள் நல்லாப் புரிஞ்சிக்குவாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் இது தெனமும் நடக்குது. நாடகத்துல அந்தப் பேரன் "தாத்தா, தாங்கள் உடல்நலம் பேணுங்கள்" ரேஞ்சுக்குப் பேசுவான், இல்லன்னா சென்னைப் பசங்க மாதிரி "மச்சி செம்ம"ம்பான். ரெண்டும் எங்க புள்ளைங்க இல்ல. தமிழை வளர்க்கணும்னுதான் இப்படி எழுதுறோம்னு சொன்னா, நான் சொல்றேன், தன்னை மாதிரி ஒருத்தனைப் பாக்காத புள்ள அந்தத் தமிழைக் கேக்கவே மாட்டான், எழுந்து ரூமுக்குப் போயிடுவான்.

இதுல நாம மட்டும் இல்ல. இங்க சீன சேனல்ல 2008ல வந்த 'தி லிட்டில் நோன்யா' நாடகத்தை என் சீனக் கூட்டாளிங்க எல்லாம் கொண்டாடுனாங்க, நானும் சப்டைட்டில் வச்சுப் பாத்தேன், கெபாயாவும் சமையலும் மணி கோத்த செருப்பும் அவ்ளோ அழகு. ஆனா அது பெரனாக்கான் குடும்பத்துக் கதை, அதாவது மலாய்ப் பழக்கவழக்கம் கலந்த பழைய சீனக் குடும்பம், அவங்க வீட்டுல பேசுனது பாபா மலாய், அதுல எல்லாரும் மாண்டரின் பேசுனாங்க. சேனல் மாண்டரின் சேனல், வேற வழி இல்ல, புரியுது. ஆனாலும் ஒரு பெரனாக்கான் பாட்டி அதைப் பாத்து என்ன நெனச்சிருக்கும்னு எனக்கு இன்னிக்கும் தோணும்.

அப்புறம் இந்த என்எஸ், அதான் கட்டாய தேசிய சேவை, அதுல இருக்குற பையன். என் பையன் இப்ப என்எஸ்ல இருக்கான், அதனால இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். நாடகத்துல ஒரு ரெக்ரூட் வர்றான், காதை மூடுற அளவுக்கு முடி, லேசா தாடி, அயர்ன் கலையாத யூனிஃபார்ம். பயிற்சிக்கு புலாவ் தேக்கோங் தீவுக்கு அனுப்புன அன்னிக்கே என் புள்ள தலையை ஒட்ட வழிச்சுட்டாங்க, முடி வெட்டுன பிறகு அவனைப் பாத்து நான் அழுதேன், அவங்க அப்பா அழலன்னு காட்டிக்கிட்டாரு. வெள்ளிக்கிழமை ராத்திரி முகாம்லேந்து புக் அவுட் ஆகி வருவான், மூட்டை நிறைய சேறு பிடிச்ச துணி, "அம்மா பசிக்குது"ன்னு ஒரு வார்த்தை, சாப்ட்டுட்டு அப்படியே படுத்துருவான், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பக் கெளம்புறப்ப வாசல்ல பூட்ஸ் மாட்டிக்கிட்டு எதுவும் பேசாம உக்காந்திருப்பான். ரெண்டு வருசம் இந்த ஊர்ல ஆம்பளைப் புள்ள பெத்த ஒவ்வொரு வீட்டுலயும் இது நடக்குது. இதை ஒருத்தர் உள்ளபடியே எழுதுனா நான் டிவியை விட்டு நகர மாட்டேன். விக்கு வச்ச ரெக்ரூட் காதலிக்குப் பாட்டு பாடுறதை யாருக்காக எடுக்குறீங்க?

ஊர்லேந்து வேலைக்கு வந்த தம்பிங்களைக் காட்டுறது இன்னும் மோசம். ஒண்ணு காமெடி, இல்ல ஒப்பாரி. ஹெல்மெட்டை மாட்டி விட்டு அவங்க பேச்சை நக்கல் பண்றது, இல்லன்னா போன்ல அம்மா செத்துட்டாங்கன்னு சேதி வந்து தரையில விழுந்து அழுறது. லாரியில பின்னாடி உக்காந்து வேலைக்குப் போறாங்களே, அந்த லாரியில என்ன பேசிக்குவாங்க? ஏஜெண்டுக்குக் கட்டுன கடன் எப்ப முடியும், தங்கச்சி கல்யாணத்துக்கு எவ்ளோ அனுப்பணும், எவன் ஓட்டி (ஓவர்டைம்) குடுப்பான், எந்தக் கம்பெனிக்கு மாறலாம், ஞாயித்துக்கிழமை தேக்காவுல (லிட்டில் இந்தியா) யாரைப் பாக்கணும். அவங்களுக்கும் கிண்டல் தெரியும், கோவம் வரும், கணக்கு தெரியும். அதுல ஒருத்தரையாவது உக்கார வச்சு ஒரு டீ வாங்கிக் குடுத்துக் கேட்டிருந்தா இப்படி எழுதிருக்க முடியாது.

பட்ஜெட் இல்லன்னு சொல்றாங்க. சின்ன ஊர், சின்ன கூட்டம், காசு கம்மிதான், ஒத்துக்குறேன். நான் ஹெலிகாப்டரா கேட்டேன்? ஷூவைக் கழட்ட எவ்ளோ செலவு? முடி வெட்ட எவ்ளோ? ராத்திரி பன்னெண்டு மணிக்கு காரிடார்ல ரெண்டு பேர் கத்தி சண்டை போட்டா அஞ்சு ஜன்னல் திறக்கும், ஒரு ஜன்னல் திறக்குறதுக்கு எவ்ளோ? நம்ம ஊர்லயும் நல்லா எழுதுற சின்னப் பசங்க இருக்காங்க, அங்கொண்ணு இங்கொண்ணா நல்ல நாடகம் வருது, வர்றப்ப நாங்க கூட்டாளிங்களுக்கெல்லாம் மெசேஜ் போட்டு பாக்கச் சொல்றோம். அதனாலதான் மத்ததைப் பாக்குறப்ப இவ்ளோ வலிக்குது.

பிடிக்கலன்னா பாக்காதேன்னு சொல்லாதீங்க. கொரியன் நாடகம் பிடிக்கலன்னா இன்னொண்ணு பாப்பேன், நூறு இருக்கு. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்தைக் காட்டுற நாடகம் உலகத்துல வேற எங்க எடுக்குறாங்க? இங்க மட்டும்தான். அதனால நான் பாப்பேன், திட்டவும் செய்வேன். அடுத்த நாடகத்துக்கு ஆள் எடுக்குறப்ப எதிர் வீட்டுக்கு ஒரு சீன ஆன்ட்டியையும் கீழ் வீட்டுக்கு ஒரு மலாய் மக்சிக்கையும் சேர்த்து எடுங்க, சும்மா பின்னாடி நடந்து போறதுக்கு இல்ல, வசனத்தோட, முதல் எபிசோட்லேந்து கடைசி வரைக்கும்.