‘அப்புறம்?’ என்று எழுதியது நான்தான்

என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளை எழுதிய அந்த நோட்டுப் பக்கம் உங்கள் வாட்ஸ்ஆப்புக்கும் வந்திருக்கும். மூன்று நாளாகச் சுற்றுகிறது. திருத்தாமல் விட்ட பிழைகளுக்கு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ‘தமிழ் டீச்சர் லட்சணம்’ என்று தலைப்பும் வைத்து. கீழே பச்சை மையில் ‘அப்புறம்?’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது என் கையெழுத்து. நான் டீச்சர் இல்லை. பி.எட். இரண்டாம் ஆண்டு, பயிற்சிக்கு வந்திருப்பவள். திட்டுகிறவர்கள் பதவியையாவது சரியாகப் போடுங்கள். ‘பச்சை மையில் எழுத இவங்க கெஜட்டட் ஆபீசரா’ என்று கேட்ட அண்ணனுக்கு: சிவப்பு பேனா தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிழையைப் பார்க்காமல் விடவில்லை. பார்த்தேன். அன்றைக்குத் திருத்தவில்லை. ‘மறந்துட்டாங்க’ என்பதற்கு இடையின ரகரம் போட்டிருக்கிறாள் என்பது தெரியாமலா எம்.ஏ. தமிழ் படித்தேன்?

பள்ளி விடுவது 4.15. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம், ஏழும் எட்டும் சேர்த்து 22 பிள்ளைகள், வேப்பமரத்தடி. எழுதவே வராத பிள்ளைகளை எழுத வைக்க வேண்டும் என்பதுதான் எனக்குச் சொன்ன வேலை. (சுண்டல் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸுக்கு மட்டும். எங்களுக்கு வாசனை.) முதல் வாரம் ‘மழைநீர் சேகரிப்பு’ கொடுத்தேன். 19 நோட்டில் ஒரே முதல் வரி. ‘நீரின்றி அமையாது உலகு’ என்று வள்ளுவர் வந்து நிற்கிறார். ஒருவன் கைடிலிருந்த ‘(அல்லது)’ என்பதையும் சேர்த்து எழுதியிருந்தான். ஆனால் பிழை? அதிகம் இல்லை. யாரும் போட்டோ எடுக்கவில்லை.

அடுத்த வாரம், “நேத்து ராத்திரி உங்க வீட்டுல என்ன சாப்பாடு? அதை எழுதுங்க” என்றேன். சத்தமே இல்லை. பிறகு ஒரு கை எழுந்தது. “மிஸ், முன்னுரை வேணுமா?” வேண்டாம் என்றேன். “மேற்கோள்?” அதுவும் வேண்டாம் என்றதும் நம்பாமல் பார்த்தார்கள். அன்றைக்கு ஒரு பையன் எழுதி, அவனே எழுந்து நின்று எல்லோருக்கும் படித்தும் காட்டினான்: ‘ஒரு முட்டைய அம்மா நூலு வெச்சி ரெண்டா அறுத்துச்சி. மஞ்ச கரு எந்தம்பி பக்கம் போயிடிச்சி.’ இதில் எத்தனை பிழை என்று எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த நூல் தெரிந்தது.

உங்களுக்கு வந்த பக்கமும் அதே நாளில் எழுதியதுதான். அதில் என்ன இருந்தது என்று நான் இங்கே திரும்ப எழுத மாட்டேன். நான்கு வரி எழுதிவிட்டு நின்றுவிட்டாள். அதுவரை பெயரும் தேதியும் தவிர அந்த நோட்டில் அவள் சொந்தமாக எதையும் எழுதியதில்லை. அதனால் ‘அப்புறம்?’ என்று கேட்டேன். மறுநாள் கரும்பலகையில் ரகரம் றகரம் பத்துச் சொற்கள் போட்டேன், அவள் பெயரைச் சொல்லாமல். நம் பக்கத்துப் பேச்சில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. ‘கரி’, ‘கறி’ என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். காதில் விழுந்ததை எழுதுகிறாள் பிள்ளை. ஆக, பார்த்தேன்; மறுநாள் திருத்தினேன். கரும்பலகையை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

‘பரீட்சையில் மார்க் போகுமே?’ நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்பில் கட்டுரைக்கு 8 மதிப்பெண், பிழைக்குக் குறைப்பார்கள். என்னிடம் இதற்கு முழுப் பதில் இல்லை. வெற்றுத்தாளுக்கு என்ன மார்க் என்று மட்டும் திருப்பிக் கேட்கிறேன்.

‘சம்பளம் வாங்கிக்கொண்டு…’ நிறுத்துங்கள். ஒரு வருடமாக இருந்த பி.எட். 2015-லிருந்து இரண்டு வருடம். அதில் 20 வாரம் பள்ளியில். எனக்குச் சம்பளம் ஒரு பைசா கிடையாது. ஃபீஸ் நான் கட்டுகிறேன், பஸ் காசும் என்னுடையது. ஆகாத ஆசிரியருக்கு உவமையாக முடத்தெங்கைச் சொல்கிறது நன்னூல். ஒரு வீட்டில் தண்ணீர் ஊற்றினால் அடுத்த வீட்டில் காய் போடும் கோணல் தென்னை. வகுப்பில் அதைப் படித்தபோது தோழிகள் எல்லோரும் சிரித்தோம், அந்த மரமே நாம்தான் என்று.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ‘இவர்களால்தான் தமிழ் சாகிறது’ என்று எழுதியிருந்தார். ஐயா, உங்கள் மூன்று வரியில் நான்கு ஒற்றுப்பிழை. எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஒன்பதாவது படிக்கும்போது நானும் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். தலைப்பு ‘நூலகத்தின் பயன்கள்’. அதுவரை எங்கள் ஊர் நூலகத்துக்குள் நான் கால் வைத்ததில்லை. கைடில் இருந்த ஒன்றரைப் பக்கம், ஒரு புள்ளி பிசகாமல். எவர்சில்வர் டபரா கொடுத்தார்கள். அம்மா இன்னமும் அதில்தான் உறைக்கு ஊற்றுகிறார். அந்தக் கட்டுரையில் பிழை தேடினாலும் கிடைக்காது. என்னைத் தேடினாலும்.

சரி, என்னைத் திட்டுங்கள். பழகிக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியர் அறை மேசையில் கட்டிவைத்த நோட்டை யார் எடுத்துப் பிரித்தது? யார் முதலில் அனுப்பியது? ‘பெயரை மறைச்சுத்தானே மா போட்டாங்க’ என்று சமாதானம் சொல்கிறார்கள். லேபிளை மறைத்தீர்கள். நான்காவது வரியை மறைத்தீர்களா? அவள் அப்பாவைப் பற்றிய வரி அது. இந்தச் சின்ன ஊரில் அது யார் வீடு என்று தெரிய லேபிள் எதற்கு? டீக்கடையில் அவரிடமே ஒருவர் போனை நீட்டியிருக்கிறார். ரகரமாம், றகரமாம்.

நேற்று சாயங்காலம் வந்தாள். வராமல் இருந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டாள். நடுவில் பின் அடித்த நோட்டு இல்லையா, ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் கழன்றுவிடும். எழுதாத அந்த வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “மிஸ், இத ஒட்ட பசை இருக்கா?” என்றாள். புதுப் பக்கத்தில் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தாள்: மழைநீர் சேகரிப்பு. முன்னுரை.