மூண்டாவது பெட்டைக்கு மிஞ்சின பெயரை வைக்காதேங்கோ

மூத்த பெட்டைக்குப் பெயர் வைக்கேக்கை முழுக் குடும்பமும் மண்டையைப் போட்டு உடைக்கும். ரெண்டாவதுக்கு மூத்தவளின்ர பெயரோட இழுபடுற மாதிரி ஒண்டைத் தேடுவம். மூண்டாவதும் பெட்டை எண்டால், இருக்கிற பெயரில ஒரு எழுத்தை மாத்திப்போட்டு அலுவலை முடிச்சிடுவம். தர்சினி, தர்சிகா, பிறகு தர்மிகா. பள்ளிக்கூட இடாப்பில இப்பிடி எத்தினையோ வரிசையைக் கண்டிட்டன். கடைசிப் பெட்டையின்ர பெயரைப் பார்த்தாலே விளங்கும், அது அவளுக்கெண்டு தேடினதில்லை, அக்காமாருக்குத் தேடினதில மிஞ்சினது.

என்ர தங்கச்சிக்குப் போன மாதம் மூண்டாவது பிள்ளை கிடைச்சது. பெட்டைதான். மூத்தவள் யாழினி, அடுத்தவள் கயல்விழி. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஆக்களில கொஞ்சப் பேர் "மூண்டும் பெட்டையோ?" எண்டு கேட்டினம். மற்றவை "அப்ப இவளுக்கும் ஏதாவது விழியோ?" எண்டு கேட்டினம். முதல் கேள்விக்கு நான் சொல்ல நினைச்சதை இங்க எழுதேலாது. ரெண்டாவதுக்கு மட்டும் எழுதுறன்.

அக்காமாரின்ர பெயரோட பொருந்த வேணும் எண்டு ஆசைப்படுறதில பிழையொண்டுமில்லை. எனக்கும் அந்த ஆசை இருக்கு. யாழினி, கயல்விழி எண்டு ரெண்டு பேர் நிக்கிற இடத்தில ஒரு டிலுக்சனா வந்து நிண்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாட வந்து நிக்கிற மாதிரித்தான் இருக்கும். ஆனா பொருத்தம் எண்ட உடன எல்லாரும் எதுகை மோனைக்குத்தான் ஓடுகினம்.

எங்கட பழசுகள் இதை எங்களை விட வடிவாச் செய்திருக்கினம். என்ர அம்மம்மாவோட கூடப் பிறந்தவையைப் பாருங்கோ. பொன்னம்மா, செல்லம்மா, அன்னம்மா, நாகம்மா. நாகம்மா புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேர்ந்து பிறந்தவ எண்டு சொல்லுவினம். நாலு பேருக்கும் வால் ஒண்டு, தலை வேற. வரம்பில நிண்டு "நாகம்மா" எண்டு கூப்பிட்டால் அந்த முதல் "நா" தான் காத்தில போய்ச் சேரும், திரும்பிப் பார்க்கிறதும் அவ ஒராள்தான். இப்ப நாங்கள் தலையையும் ஒண்டாக்கி வாலையும் ஒண்டாக்கி, நடுவில ஒரு எழுத்தை மட்டும் மாத்தி விடுறம். கூப்பிடேக்கை அந்த நடு எழுத்து ஆருக்குக் கேக்கப் போகுது?

எங்கட பக்கத்து வளவில ஒரு துசானியும் ஒரு துசாலினியும் இருக்கிறாளுகள். தாய் குசினிக்கை நிண்டு "துசா... ஆட்டைப் பிடிச்சுக் கட்டு" எண்டு கத்துவா. மூத்தவள் தங்கச்சியைத்தான் கூப்பிடுறா எண்டு இருப்பாள். இளையவள் அக்காவைத்தான் எண்டு போனை நோண்டிக்கொண்டு இருப்பாள். தாய் அகப்பையோட வெளியில வரேக்கை ஆடு கத்தரிக்கண்டை முடிச்சிட்டு மிளகாய்க் கண்டுக்குப் போயிருக்கும்.

வீட்டில பரவாயில்லை, பகிடி. பள்ளிக்கூடத்தில அப்பிடியில்லை. எங்கட ஆக்களுக்குத் தகப்பன்ர பெயர்தான் முன்னுக்கு வரும். அக்கா தங்கச்சி எல்லாருக்கும் ஒரே முதலெழுத்து. அதுக்குப் பின்னால வாற பெயரும் ஒரே மாதிரித் தொடங்கினால், விளையாட்டுப் போட்டியில ஓடி வெண்டவளின்ர சான்றிதழ் தங்கச்சியின்ர பெயரில வரும். அப்பிடி வந்து, மூத்த பிள்ளை மேடையில இருந்து இறங்கி வந்து அழுததைக் கண்டனான்.

சரி, இனி சாத்திரத்துக்கு வருவம். பிள்ளை பூரம். பூரத்துக்குப் பஞ்சாங்கத்தில நாலு எழுத்துப் போட்டிருக்கு: மோ, ட, டி, டு. பாதத்தைப் பார்த்து ஐயர் "டி" எண்டு எழுதிக் குடுத்திட்டார். "ட" வரிசையில தமிழ்ச் சொல் தொடங்காது எண்டது தொல்காப்பியத்தில இருந்து வாற விதி. அப்ப அக்காமாருக்கு நல்ல தமிழ்ப் பெயரை வைச்ச வீடு "டி"க்கு எங்க போறது? இடாப்பு முழுக்க டிலக்சி, டினுசா, டிசாந்தி எண்டு வாறதின்ர பாதிக் காரணம் இந்த எழுத்துக் கணக்குத்தான் எண்டு நான் நினைக்கிறன். தங்கச்சியின்ர மாமியார் கொஞ்சம் பிடிவாதக்காரி. முப்பத்தொண்டாம் நாள் பிள்ளையின்ர காதில சொல்லுறதுக்கு "டி"யில ஒரு பெயர், பதியிறதுக்கு வேற பெயர் எண்டு கடைசியில இறங்கி வந்தா. காதில சொன்னது என்ன எண்டு இதுவரைக்கும் அவ எங்களுக்குச் சொல்லேல்லை.

எண்சாத்திரத்தைப் பற்றி ஒரு வரிதான். ஆங்கிலத்தில ஒரு "ஏ" கூடப் போட்டால் பிள்ளைக்கு யோகம் எண்டு காசு வாங்குற ஆக்களிட்டைப் போகாதேங்கோ. கனடாவில இருக்கிற மாமா "வெள்ளைக்காரன் வாயில நுழையிற பெயரா வையுங்கோ" எண்டு வொய்ஸ் மெசேச் அனுப்பினவர். வெள்ளைக்காரன் கிளிநொச்சிக்கு வந்து இடாப்புக் கூப்பிடப் போறானோ, மாமா?

கஷ்டமான விசயம் வேற. எங்கட அம்மாவுக்கு இந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் மனசில இருந்தது. எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில ஒருத்தி இருந்தவள். 2009 இல முள்ளிவாய்க்காலில விட்டிட்டு வந்திட்டம். மூத்த ரெண்டும் பிறக்கேக்கை அம்மா வாய் திறக்கேல்லை. இந்த முறை, பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு, அவளின்ர பெயரை ஒருக்காச் சொல்லிப் பார்த்தா. ஆரும் ஒண்டும் கதைக்கேல்லை.

வன்னியில இப்பிடிப் பெயர் வைச்ச வீடுகள் எங்கட ஊரிலயே இருக்கு, நான் அவையைக் குறை சொல்லேல்லை. ஆனா என்ர தங்கச்சியின்ர பிள்ளைக்கு அது வேண்டாம் எண்டுதான் சொன்னன். அக்காமார் ரெண்டு பேரும் சொந்தப் பெயரோட ஓடித் திரிய, இவள் மட்டும் ஒரு இரவல் பெயரைச் சுமக்க வேணுமோ? சோதினையில ஒரு பாடம் விட்டால் "உன்ர பெரியம்மா எவ்வளவு கெட்டிக்காரி தெரியுமோ" எண்டு கேக்க வேண்டி வரும். ஒருக்கால் எண்டாலும் அந்தப் பெயரைச் சொல்லி அவளை ஏச அம்மாவுக்கு வாய் வருமோ? ஏச்சு வாங்காமல் ஒரு பிள்ளை வளரேலுமோ? அம்மாவிட்டை இவ்வளவையும் நான் சொல்லேல்லை. "நடுவிலாளின்ர பெயர் அவளுக்கே இருக்கட்டும் அம்மா" எண்டு மட்டும் சொன்னன். அவ பிள்ளையைத் தூக்கித் தோளில போட்டுக்கொண்டு, "அப்ப நல்லதா ஒண்டு பாருங்கோ, சும்மா ஒண்டையும் வைச்சிடாதேங்கோ" எண்டா.

அதுக்குப் பிறகுதான் உண்மையிலயே தேடத் தொடங்கினம். தேன்விழி எண்டு ஒண்டு வந்தது. நல்ல பெயர்தான், ஆனா ஒரு விசயத்தை ஆரும் யோசிக்கிறேல்லை. மூண்டாவதை ரெண்டாவதோட சேர்த்துக் கட்டினால் மூத்தவள் தனிச்சுப் போவாள். கயல்விழியும் தேன்விழியும் ஒரு சோடி, யாழினி ஆர்? மகிழினி எண்டு வைச்சால் அதே கதை மற்றப் பக்கத்தால வரும். மூண்டு பெயரையும் ஒரு மூச்சில சொல்லேக்கை எந்த ரெண்டும் மற்றதைத் தள்ளி வைக்கக் கூடாது. ஆதிரை தங்கச்சிக்குப் பிடிச்சது. பூரத்தில பிறந்த பிள்ளைக்கு ஆதிரை எண்டு வைச்சால் கோயிலில ஒவ்வொரு அர்ச்சனைக்கும் "திருவாதிரையோ?" எண்டு கேப்பினம். முல்லை எண்டதில எனக்குக் கொள்ளை ஆசை, எங்கட மண்ணின்ர பெயர். தங்கச்சியின்ர மனுசன் அதை உடன வெட்டிப்போட்டார். வவுனியாவுக்குப் படிக்கப் போனால் "முல்லைத்தீவு பஸ் வருது" எண்டு பொடியள் பகிடி பண்ணுவாங்களாம். ஆள் படிக்கேக்கை தானும் அப்பிடி எத்தினை பேரைப் பகிடி பண்ணினவரோ தெரியாது.

கடைசியில நறுமுகை. மூண்டும் தமிழ், மூண்டுக்கும் மூண்டு தலை, யா, க, ந. வாலில ஒரு ஒற்றுமையும் இல்லை, ஆனா கேட்ட உடன ஒரு வீட்டுப் பிள்ளையள் எண்டு விளங்கும். முற்றத்தில நிண்டு சத்தம் வைச்சுக் கூப்பிட்டும் பார்த்திட்டம். மாமியார் மட்டும் "றுகை" எண்டு எதையோ சொல்லிக்கொண்டு திரியிறா, பழகும்.

இனிப் பதிவு. பிறந்து 42 நாளுக்குள்ள பதிய வேணும், மூண்டு மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு எண்டு வேற அலுவல். பெயர் முடிவாகேல்லை எண்டால் பிறப்பை மட்டும் பதிஞ்சிட்டுப் பெயரைப் பிறகு சேர்க்கலாம், அவதிப்பட்டு வாயில வந்ததை எழுத வேண்டியதில்லை. எதுகையைப் பார்க்கிற கண்ணால நீங்கள் பார்க்க வேண்டியது தகப்பன்ர பெயரைத்தான். இடப்பெயர்வில எல்லாத்தையும் துலைச்சுப்போட்டு, பிறகு நடமாடும் சேவையில அத்தாட்சி எடுத்த ஆக்கள் நாங்கள். கன பேருக்கு பிறப்பு அத்தாட்சியில ஒரு எழுத்து, அடையாள அட்டையில இன்னொரு எழுத்து. அதைப் பார்த்து எழுதினால் மூண்டு பெட்டையளுக்கும் ஆங்கிலத்தில மூண்டு தகப்பன் வரும், ஒருத்திக்கு "எச்" இருக்கும், மற்றவளுக்கு இராது. பாஸ்போட் எடுக்கேக்கைதான் தெரியும். பதியப் போகேக்கை அக்காமாரின்ர அத்தாட்சியைக் கையோட கொண்டு போங்கோ. கையெழுத்து வைக்க முன்னம் எழுத்தெழுத்தா வாசியுங்கோ. பிறகு திருத்தப் போனால் சத்தியக்கடதாசி, விதானையாரின்ர கடிதம், பிரதேச செயலகம் எண்டு நீங்கள்தான் வெயிலுக்கை அலைய வேணும்.