தீர்ந்த பட்டன் பேட்டரியும் ஆபத்துதான்
"சார்ஜ் தீர்ந்த பட்டன் பேட்டரியை விழுங்கினால் பயமில்லை, ரசாயனம் கசிந்தால்தான் ஆபத்து" என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது தவறு. கசிவே தேவையில்லை. ஈரமான உணவுக்குழாய்ச் சுவர் இரு முனைகளையும் இணைத்ததும் மின்னோட்டம் பாயும். எதிர்மின் (−) முனைப் பக்கம் எச்சிலிலுள்ள நீர் பிரிந்து ஹைட்ராக்சைடு என்ற காரப்பொருள் உருவாகி, அது திசுவை அரிக்கும். 2 மணி நேரத்திலேயே ஆழமான புண் வரலாம். இதற்குச் சுமார் 1.2 வோல்ட் போதும். சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி, ரிமோட்டை இயக்க முடியாமல் போன பிறகும் அந்த அளவை வைத்திருக்கும். 20 மி.மீ. அகலம் வேறு, சின்னப் பிள்ளைகளின் உணவுக்குழாயில் அப்படியே சிக்கிக்கொள்ளும். விழுங்கிய பேட்டரியை வாழைப்பழம் கொடுத்து இறக்கிவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம், வாந்தி எடுக்கவைப்பதும் கூடாது. ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தை என்றால், பேட்டரி உள்ளே போய் 12 மணி நேரத்துக்குள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன், அதிகபட்சம் 6 தடவை தரலாம். அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான், தேன் தேடி நேரத்தைக் கடத்தக் கூடாது. எக்ஸ்ரேயில் பேட்டரி நாணயம் மாதிரிதான் தெரியும். ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கிறதா, பக்கவாட்டுப் படத்தில் படி மாதிரி விளிம்பு இருக்கிறதா என்று பார்த்தால் பிடிபட்டுவிடும். வெளியே எடுத்த பின்பும் அரிப்பு நிற்பதில்லை, சில வாரம் கழித்துப் பெருந்தமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வரை ஓட்டை விழுந்த குழந்தைகள் உண்டு. அமெரிக்காவின் 2022 ரீஸ் சட்டம் இதனால்தான் பேட்டரி மூடியைக் கருவியாலோ இரண்டு தனித்தனி கைச்செயல்களை ஒரே நேரத்தில் செய்தோ மட்டுமே திறக்கும்படி கேட்கிறது. நம் கடைகளில் விற்கும் மினுக்கும் விளக்கு பொம்மைகளை வாங்குமுன் மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பழைய பேட்டரியின் இருபுறமும் செல்லோடேப் ஒட்டிவிட்டு அப்புறம் அப்புறப்படுத்துங்கள்.